அதே நாற்காலி, அதே பெயர்

ஜூலை 7, திங்கள்

கண்காட்சிக்கு ஒரே ஒரு புரொஜெக்டர்தான் என்று கம்ப்யூட்டர் மிஸ் இன்று சொல்லிவிட்டார். அதற்குப் போட்டி நானும், என் பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்காரும் வாலுவும். வாலு என்பது நான் வைத்த பெயர். அவள் எனக்கு வைத்தது கரையான். நான் புத்தகம் தின்கிறேனாம்.

அவளுடையது எலி விளையாட்டு. எலி சுவர்களுக்கு நடுவே மோப்பம் பிடித்து வழி தேடும். என்னுடையது டிபக்கர்: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கருவி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அழகெல்லாம் கிடையாது. ஆனால் என் விடுமுறை முழுவதும் அதற்குள்தான் போயிற்று.

நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள், சத்தம் மட்டும் என் காதில் விழக்கூடாது என்றார் மிஸ். வாலு முடிவு பண்ணினாள். தினமும் ஒரு குட்டிப் புரோகிராம் கொண்டுவருவாள். என் டிபக்கர் அதில் ஏமாறக்கூடாது. ஏமாந்தால் மறுநாளுக்குள் திருத்திக்கொள்ளலாம். அடுத்த புதன் கடைசி நாள். அன்றைக்கு ஏமாந்தால் புரொஜெக்டர் எலிக்கு.

ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன்?

ஜூலை 8, செவ்வாய்

முதல் நாளே மண்ணைக் கவ்வினேன்.

ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமுக்குள் ஒரு வேலையைச் செய்யும் துண்டு, இன்னொன்றைக் கூப்பிட்டால், அது திரும்பி வரும்வரை காத்திருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் நினைவகத்தில் ஒரு தனி இடம் உண்டு. சாமான்களை எல்லாம் அங்கேதான் வைத்திருக்கும். அதுதான் ஃப்ரேம். ஃப்ரேம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அந்த அடுக்கு ஸ்டாக். என் டிபக்கரில் 'முடி' என்றொரு கட்டளை இருக்கிறது. இந்த ஃப்ரேம் முடிந்து, கூப்பிட்டவரிடம் திரும்பியதும் நில் என்று அர்த்தம். கூப்பிட்டவரை அடையாளம் காண, ஃபங்ஷனின் பெயரைக் குறித்து வைத்திருந்தேன்.

வாலு கொண்டுவந்தது தன்னையே கூப்பிடும், வழிதேடு என்ற ஃபங்ஷன். வழிதேடு இன்னொரு வழிதேடுவைக் கூப்பிட, அது மற்றொரு வழிதேடுவைக் கூப்பிட... எல்லாருக்கும் ஒரே பெயர். என் டிபக்கர் முதலில் கண்ணில் பட்ட வழிதேடுவிலேயே திருப்தியாக நின்றுவிட்டது.

"கூட்டத்துல அம்மான்னு கத்தினா எல்லா அம்மாவும்தான் திரும்பிப் பாப்பாங்க," என்றாள் வாலு. "உன் டப்பா முதல்ல திரும்பின அம்மா கையப் புடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுச்சுடி."

ஜூலை 9, புதன்

பெயர் வேண்டாம், எண் போதும் என்று மாற்றினேன். இப்போது ஓடும் ஃப்ரேம் 0. அதைக் கூப்பிட்டது 1. அதற்கும் முந்தையது 2. கூப்பிட்டவர் மறுபடி ஓடத் தொடங்கும்போது அவர்தான் 0. ஆகவே 'நிற்பவர் 0-தானா?' என்று சோதித்தேன்.

யார் நின்றாலும் அவர்தான் 0! என் காவல்காரன் வந்தவரை எல்லாம் 'வாசலில் நிற்பவர் நீங்கள்தானே?' என்று கேட்டு உள்ளே விட்டிருக்கிறான். சிரித்துச் சிரித்து வாலுவுக்கு விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்ததும் நான்தான்.

ஜூலை 10, வியாழன்

இனி இடம். ஃப்ரேம் நினைவகத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற முகவரி. உயிரோடு இருக்கும்வரை அது மாறாது. அதுவே போதும்.

வாலு இன்று வரவில்லை, காய்ச்சலாம். நல்லது. (காய்ச்சல் அல்ல, வராதது.)

ஜூலை 11, வெள்ளி

போதவில்லை.

என் டிபக்கரின் 'கவனி' என்ற கட்டளையை வைத்தே வாலு கவிழ்த்தாள். ஒரு ஃப்ரேமுக்குள் இருக்கும் எண்ணை அது கண்காணிக்கும். வழிதேடுவின் சுவர் எண்ணிக்கையைக் கவனிக்கச் சொன்னாள். வழிதேடு வேலை முடிந்து போய்விட்டது. காலியான இடத்தில் மதிப்பெண்கூட்டு என்ற வேறொரு ஃபங்ஷன் வந்து உட்கார்ந்தது. என் டிபக்கர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், எலிக்கு முன்னால் 450 சுவர் இருக்கிறது என்றது. அது மதிப்பெண்.

சாயங்காலம் அக்கா கடுகடுவென்று வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். இன்று ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்திருக்கிறார்கள். சரி, மூலை நாற்காலியில் இருப்பவரை அழையுங்கள் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குள் அவர் எழுந்து கை கழுவப் போக, யாருக்கோ துணைக்கு வந்தவர் அங்கே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். மனிதர் மரியாதையாகத் திறந்திருக்கிறார்.

"இனிமே பேரும் கேப்பேன், நாற்காலியும் பாப்பேன்," என்றாள் அக்கா.

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

ஜூலை 12, சனி

இடமும் ஃபங்ஷனும், இரண்டும் பொருந்தினால்தான் அதே ஃப்ரேம். ஒன்று மாறினாலும் ஆள் வேறு. வாலுவின் பழைய புரோகிராம்கள் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் ஏமாறவில்லை! கண்ணாடி முன்னால் நின்று எனக்கே கைகொடுத்துக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

வாலுவின் புதுப் புரோகிராம் பலிக்கவில்லை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "எலியப் பொந்துக்குப் போகச் சொல்லு, அதுக்குப் பெரிய திரை எதுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

பெஞ்ச் அகலமாக இருக்கிறது. தேவைக்கு மேலேயே.

ஜூலை 16, புதன்

தோற்றேன்.

முகர் என்று ஒரு ஃபங்ஷன். முடிந்தது. உடனே அதே முகர் மறுபடி கூப்பிடப்பட்டு, அதே இடத்தில் உட்கார்ந்தது. பெயர் அதே, இடம் அதே. என் டிபக்கர், அதே ஆள்தான் என்று சத்தியம் செய்தது.

"அது போயிடுச்சு. இது வேற," என்றாள் வாலு. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. புரொஜெக்டர் எலிக்கு.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கேட்டேன்: அதே நோயாளி போய்விட்டுத் திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தால்?

"எழுந்து போறப்பவே பேர அடிச்சிடுவேன். திரும்ப வந்தா புதுசாத்தான் எழுதுவேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

உட்கார்ந்திருப்பவரையே முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வாசலைப் பார்க்கவே இல்லை.

ஜூலை 17, வியாழன்

பயன் இல்லாவிட்டாலும் திருத்தினேன். ஃப்ரேம் எங்கே திரும்பிப் போகுமோ அங்கே ஒரு காவல். அது வெளியேறியதும் அதன் பெயரை அடித்துவிட வேண்டியது. நேற்றைய புரோகிராமை ஓட்டினேன். முதல் முகர் அடிபட்டது. இரண்டாவதைப் 'புதியது' என்றது. சபாஷ்.

ஆனால் அந்தப் புதியவள் வைத்திருக்கும் மோப்ப எண், யாரும் எதுவும் எழுதும் முன்பே, 7. எப்படி? பழையவள் விட்டுப்போனது! வாலு இடத்தைத் துடைக்கச் சொல்ல மறந்திருக்கிறாள்.

அந்த ஃபங்ஷன் எலி விளையாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. அப்படியென்றால் கண்காட்சியில் இரண்டாவது ஆட்டத்தில் எலி பழைய மோப்பத்தோடு ஓடி நேராகச் சுவரில் முட்டும். எல்லா அப்பா அம்மாக்கள் முன்னாலும். அவ்வளவு பெரிய திரையில்.

மதிய இடைவேளை முழுவதும் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். பிறகு இல்லை.

ஜூலை 18, வெள்ளி

கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சொன்னேன். பொறாமை என்றாள். வந்து பார் என்றேன். பார்த்தாள். ரொம்ப நேரம் அந்த 7-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி சொன்ன? நாளைக்கு என் மானம் போயிருக்கும்ல?"

"எலி பாவம்," என்றேன்.

அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, இதை இப்போது திருத்த வேண்டாம் என்றாள். அவள் முகத்தில் அந்தப் பழைய குறும்புக் களை.

ஜூலை 19, சனி

கண்காட்சி. முதல் ஆட்டம் ஜோர். இரண்டாவதில் எலி சுவரில் முட்டியது, முட்டிக்கொண்டே இருந்தது. கூட்டமே அடடா என்றது. வாலு கையைப் பிசைந்துகொண்டு, "எலிக்கு என்னமோ ஆயிடுச்சு, டாக்டரக் கூப்பிடுறேன்," என்றாள். நான் போய் என் கறுப்புத் திரையைத் திறந்தேன். தேடுவதுபோல் தேடினோம், திகைப்பதுபோல் திகைத்தோம், 7-ஐக் கண்டுபிடித்தோம், துடைத்தோம். எலி ஓடியதும் கைதட்டல். மிஸ் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜூலை 21, திங்கள்

வாலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழங்கை வழக்கம்போல் என் பாதியில்.

இடம் அதே, பெயர் அதே. ஆனால் போன திங்கள் இங்கிருந்து எழுந்து போனவளை அடித்துவிட்டேன். இவளைப் புதிதாக எழுதிக்கொண்டேன்.

என் பேனாவைக் காணோம். இது பென்சில்.