கழித்த பருப்பு

இன்று காலை சேலையூர் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேர்க்கடலைப் பையைப் பிரித்தேன். நனைந்து மூட்டைக்குள்ளேயே புழுங்கிப்போன கடலையின் நாற்றம் மூக்கில் ஏறியது. இத்தனை வருடமாக இந்த நாற்றத்தோடுதான் எனக்குப் பிழைப்பு. ஆனால் நீ போன பிறகு இது வந்தால் கை ஓடுவதில்லை. பையை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேலை நேரத்தில் கடிதம் எழுதுகிறான் பார் என்று நக்கலடிப்பாய். அடித்துக்கொள்.

குன்றத்தூருக்கு அப்பால் உன் ஒன்றரை ஏக்கரில் விளைந்த கடலையை வியாபாரி திருப்பி அனுப்பிய வருடம் நினைவிருக்கிறதா? திருமுடிவாக்கத்தில் ஷிப்ட் முடித்து, வெல்டிங் கரி போகாத கையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "இன்னாடா மச்சான், என் கடலைல விஷம் கீதுன்றான்? நான் மருந்தே அடிக்கலையேடா" என்றாய். மருந்து இல்லை, பூஞ்சை. அது கக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும் என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். கல்லூரியில் என்னைப் பார்த்துப் பரீட்சை எழுதினவன் நீ. அன்றைக்கும் அதே முகத்தோடு தலையாட்டினாய்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீயும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவியும் காயின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தீர்கள். ஈரம் பட்டால் ஓடு இளகும், பருப்பு முழுசாக வரும், விரலும் நோகாது. உங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் உடைப்பார்களாம். பூஞ்சைக்கு நீங்களே விருந்து வைக்கிறீர்கள் என்று கத்தினேன்.

"தெளிக்காம ஒடைச்சா விரலு கிழிஞ்சிபூடும்டா."

"கிழியட்டும்."

அதன்பிறகு நீ தெளிக்கவே இல்லை. செடியைப் பிடுங்கினால் காய் வெயிலைப் பார்க்கக் கவிழ்த்து வை என்றேன், வைத்தாய். ஆட்டினால் உள்ளே கடகடவென்று கேட்கும்வரை காய வை என்றேன், அதையும் செய்தாய். சூம்பினது, நிறம் மாறினது எல்லாவற்றையும் கழித்துவிடு என்றேன். தங்கச்சி முறத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு பருப்பாகப் பார்த்துக் கழித்தது. அடுத்த அறுவடையில் உன் கடலை சுத்தமாகத் தேறியது. தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டீ வாங்கிக் கொடுத்து, கடைக்காரரிடம்கூட என்னைப் பெரிய விஞ்ஞானி என்று சொல்லி மானத்தை வாங்கினாய். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

கழித்தது எங்கே போகிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. மூட்டையைச் சோதிக்கத் தெரிந்த முட்டாளுக்கு அடுப்படியை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

சில வருடம் கழித்து உனக்குக் கண் மஞ்சளானது. ஈரலில் கட்டி என்றார்கள். குடிக்காதவன் நீ. எதனால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, பல காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த வாரம் உன்னைப் பார்க்க வந்தபோது தங்கச்சி இட்லியும் கடலைச் சட்னியும் வைத்தது. சட்னி கசந்தது.

"எந்தக் கடலைம்மா இது?"

"கழிச்சதுதாண்ணா. நல்லத வித்துட்டா மிச்சத்த நாமதான துன்னணும்? எண்ணெயும் அதுலதான் ஆட்டிகினு வருவோம்."

தட்டைத் தள்ளி வைத்தேன். கட்டிலில் படுத்திருந்த நீ என் முகத்தையே பார்த்தாய். அவள் உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்து, "அதானா?" என்றாய். இருக்கலாம் என்றேன். "அவளுக்குத் தெரியவே கூடாதுடா. தான் ஆக்கிப் போட்டதுதான்னு தெரிஞ்சா உசுர வுட்டுடுவா" என்று சத்தியம் வாங்கினாய். புழு வைத்துவிட்டது என்று அவளிடம் பொய் சொல்லி, மிச்சப் பருப்பையும் எண்ணெயையும் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினேன்.

நீ போய் ஆறு மாதம் கழித்து உங்கள் ஊரில் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். பேச என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வீடு அதே கழிவுப் பருப்பு டப்பாவில் இருக்கிறது, பிள்ளைகள் தின்கிறார்கள். முன்வரிசையில் தங்கச்சி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் தெளிப்பதைப் பற்றிப் பேசினேன், காயப்போடுவதைப் பற்றிப் பேசினேன், இழுத்து இழுத்துப் பேசினேன். கடைசியில், கழித்த பருப்பில்தான் அந்த நஞ்சு சேர்கிறது, அதைத் தின்றால் ஈரல் போகும் என்று சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன்.

அவள் அழவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு கிட்டே வந்தாள்.

"அவருக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னான்."

"ஆஸ்பத்திரி சாப்பாடு வேணாம், உன் கையால கஞ்சி வச்சு எடுத்துகினு வான்னு கடைசி வரிக்கும் கேட்டாரேண்ணா" என்றாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். மறுபடியும் அந்தக் கூட்டம் வந்தாலும் சொல்வேன். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கழித்ததைத் தின்னாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள், புதையுங்கள் என்று. அதைச் சொல்லும்போது மட்டும், முன்வரிசையில் இருக்கிற பெண்களின் முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.