ஒன்றரை அங்குலம்

கர்த்தருக்குள் அன்பான மகன் ஜோசுவாவுக்கு, போடி ஜீப்பு பட்டறையின் சக்கரவர்த்தியும், உன்னையும் உன் தங்கையையும் எடுத்து வளர்த்த பாவியுமான சித்தப்பா யோகராஜ் எழுதுவது. இங்கே நான், உன் சித்தி ஜெயபாக்கியம், உன் தங்கை ஷீலா மூவரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க எனக்கு மனசில்லை. போனில் நீ கத்தியதில் போடிமெட்டு வளைவெல்லாம் நிமிர்ந்து ரோடு நேராகிவிட்டது, ஆகையால் நெஞ்சு பலமாகத்தான் இருக்க வேண்டும்.

நான் செய்த கொலைக்குற்றம் என்னப்பா? போன வருசம் நீ கொண்டுவந்து இரண்டு பாட்டு வாசித்துப் பெருமையடித்துவிட்டு, விமானத்தில் எடை கூடுமென்று போட்டுப்போன பெடல் ஸ்டீல் கிட்டார், அதாவது நாலு கால் வைத்துப் படுக்கப்போட்ட அந்தக் கிட்டார், ஏலக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் எட்டு மாசம் மேசை மாதிரி கிடந்தது. ஷீலா போனைப் பார்த்தே வாசிக்கப் படித்தாள். பெடலை மிதித்தால் சுதி ஏறும், அடியில் தொங்கும் கம்பியை முழங்காலால் பக்கவாட்டில் தள்ளினாலும் சுதி மாறும், ஆனால் அவளுடைய இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை, முழங்காலும் பக்கவாட்டில் விலகாது. நான் அந்தக் கம்பியை நெருப்பில் காட்டி வளைத்து அவள் காலை ஒட்டி நிறுத்தினேன், லேசாக அசைத்தாலே போதும். பெடலுக்கு ஜீப்பு பிரேக்கின் ரப்பர். உலகத்திலேயே மலையேறக்கூடிய கிட்டார் அது ஒன்றுதான்.

தப்பு ஒன்று நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். பட்டறையில் அவள் உயரக் கட்டை வைத்த ஷூ போட்டிருந்தபோதே அளவெடுத்தேன். ஆலயத்துக்குள் யார் ஷூ போட்டுப் போகிறார்கள்? எனக்கு அது உறைக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாதம் பெடலுக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்க, பாட்டு லோடு ஏற்றிய கழுதையாய் முனகியது. யாரோ உனக்கு அனுப்பிய அந்த வீடியோவைப் பார்த்துத்தான் நீ, "அவ காலுக்கு இதெல்லாம் எதுக்குச் சித்தப்பா? பழையபடி மாட்டி வைங்க, கிறிஸ்மசுக்கு வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, துரையே. பக்கத்தில் அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவள் மூன்று நாள் கிட்டார் பக்கம் வரவில்லை. உன் சித்தி, "அவன் வரட்டும், சோறு கிடையாது" என்றாள். நான் தண்ணீரும் கிடையாது என்றேன்.

நாலாம் நாள் நானே அவளை வெறுங்காலோடு உட்காரவைத்து அளந்து, பெடலை இன்னும் ஒன்றரை அங்குலம் ஏற்றினேன். போன ஞாயிறு அவள் வாசித்ததில் பாடகர் குழு வாயைத் திறந்தபடி இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டது. இந்த வீடியோவை உனக்கு யாரும் அனுப்பவில்லை பார்த்தாயா? நானும் அனுப்பமாட்டேன்.

நான் ஒரு திருகாணியைக்கூடத் தளர்த்துவதாக இல்லை. ஷீலாவிடம் கேட்டேன். "அண்ணனோடதுதான சித்தப்பா, கழட்டட்டும். ஒரு பாட்டு உக்காந்து கேட்டுட்டு, பெறகு அண்ணனே கழட்டட்டும்" என்றாள். ஆகவே ஸ்பேனரை உன் கையிலேயே கொடுப்பேன். வாசித்து முடித்து அவள் கால் பெடலில் இருக்கும்போதே, கீழே குனிந்து நீதான் கழற்ற வேண்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். கர்த்தர் உனக்கு நீடித்த ஆயுளும், முடிந்தால் கொஞ்சம் வெட்கமும் தருவாராக. டிக்கெட் போட்டதும் தேதியை உன் தங்கைக்குச் சொல், எனக்கு வேண்டாம்.

உன்மேல் மகா கோபத்தோடு,
சித்தப்பா யோகராஜ்