நான் அழித்த இரண்டு வரி

பிப்ரவரி 5, 2007. திங்கள்

எழுந்ததும் முதல் காரியம், கைப்பையிலிருந்து அந்த நூல் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தது. அப்புறம்தான் பல் விளக்கினேன். வெளியே பனி. எதிர்வீடு தெரியவில்லை.

விரல் நீள நூல். வெங்காயத்தோல் நிறம். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். அவள் சித்தி, அத்தைகள் கட்டிக்கொள்ள ஒரே நிறத்தில் ஆறு பட்டுப்புடவை. அவள் அம்மாவின் கல்யாணப் புடவையிலிருந்து இழுத்து அனுப்பிய நூல் இது. இதே நிறம் வேண்டும் என்பதுதான் ஆர்டரே. நாங்கள் நெய்து அனுப்பியது அரக்குப் பக்கம் போய்விட்டது.

10 மணிக்குக் கூட்டம். யாரும் யாரையும் பார்க்காத கூட்டம். சென்னையில் முதலாளி ரகு சார், பெங்களூரில் ஆர்டர் பார்க்கும் நஸீமா, இங்கே என் வீட்டு வாசல் அறையில் தறி பார்க்கும் நான். ஆளுக்கொரு ஹெட்போன். எதிரே கம்ப்யூட்டரில் மூவருக்கும் பொதுவான 'பக்கம்'. ஒருவர் எழுதினால் மூன்று ஊரிலும் தெரியும்.

"நஸீமா, நூல் போய்ச் சேர்ற வரைக்கும் சாயம் போடாதீங்கன்னு ஏன் எழுதல?"

"எழுதின ஞாபகம் சார்."

"பக்கத்துல எங்க இருக்கு, காட்டு."

கொஞ்ச நேரம் மவுஸ் சத்தம் மட்டும். டக். டக். பிறகு அதுவும் இல்லை.

"இல்ல சார்."

"மேடம், நூல் உங்களுக்கு வந்துதா?"

"வந்தது சார். சாயம் போட்ட மூணாம் நாள்தான் வந்தது" என்றேன்.

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அசிங்கம்.

"ஆபீஸ்ல உக்காந்தே இப்படின்னா, வாணியம்பாடிலேர்ந்து என்னம்மா பண்ணுவே?" என்றார் ரகு சார். நஸீமாவுக்கு ஏழாம் மாதம். அம்மா வீட்டுக்குப் போய் அங்கிருந்தே பக்கத்தைத் திறந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்டிருந்தாள். முடியாது என்றால் வேலையை விடவேண்டியதுதான். "சனிக்கிழமை சொல்றேன்" என்றார்.

அவள் எழுதியிருந்தாள். இரண்டு வரி. 'திரையில் தெரியும் நிறத்தை நம்பவேண்டாம். நூல் கூரியரில் வருகிறது, வந்த பிறகே சாயம்.' போன வியாழன் புகார் வந்த மத்தியானம் அதை அழித்தது நான்.

இன்று செய்யவேண்டியது: து.பருப்பு. முசரவாக்கம் தறிக்கு ஜரிகை. யு.பி.எஸ். பாட்டரிக்குத் தண்ணீர். மூன்றும் செய்யவில்லை.

பிப். 6, செவ்வாய்

பனி குறைவு. சாயப்பட்டறைக்குப் போனேன். வேறு ஆர்டர், மாம்பழ மஞ்சள்.

சாயக்காரர் ஏகாம்பரம் கையெல்லாம் மஞ்சளோடு வந்தார். "என்னாமா, அந்த ஆறு புடவை கலர் தப்பாப் போச்சாமே? நான் அன்னிக்கே சொன்னேன்ல, ஒரு கண்ணு வித்தியாசம் இருக்குதுன்னு."

"சொன்னீங்க."

நூல் பிழிந்துகொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி: "கலர் மாறினா கல்யாணம் நின்னுடுமா என்னா?" மற்றவள்: "உனுக்கு இன்னாடி, நீ கட்டற புடவைக்கு என்ன கலர்னு உனுக்கே தெரியாது." சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

நடந்ததை இங்கேயாவது ஒழுங்காக எழுத வேண்டும். நவம்பர். பத்து நாள் விடாத மழை. ஒருநாள் காலை இதே ஏகாம்பரம் போன்: "வெயில் வந்துக்கினு இருக்குதுமா. இன்னிக்கு உட்டா நூல் காயறதுக்கு இன்னும் பத்து நாள் ஆவும்." நஸீமாவின் இரண்டு வரியை முதல் நாளே படித்திருந்தேன். பக்கத்தில் போட்டிருந்த அந்தக் கல்யாணப் புடவைப் படத்தைத் திரையில் பார்த்தேன். என் மானிட்டர் பழசு, எல்லாமே கொஞ்சம் சிவப்பாகத் தெரியும். அதுவும் எனக்குத் தெரியும். "போடுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் நூல் வந்தது. ட்யூப் லைட்டில் வைத்துப் பார்த்தேன். ஏகாம்பரம் ஒரு கண்ணு வித்தியாசம் என்றார். நான் "சரியாத்தான் இருக்கு" என்றேன். நூலைக் கைப்பையில் போட்டேன்.

ஒரு வெயிலுக்கு ஆசைப்பட்டேன் சார் என்று நேற்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பார். அவ்வளவுதான். இந்த ஊரில் ஐப்பசி மழையில் அந்தத் தப்பைச் செய்யாத ஆள் யார்? அழித்ததைத்தான் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பிப். 7, புதன்

தறிக் கணக்கு முழுவதும் அடித்து முடிக்கும் நேரம் கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு கத்து கத்திவிட்டு அணைந்தது. கரண்ட் திரும்ப வந்ததும் பார்த்தால் பக்கத்தில் பாதிப் பட்டியல் காணோம். பதறி நஸீமாவுக்குப் போன். கூட்டத்தில் அவளுக்கு நான் மேடம், தனியாகப் பேசினால் அக்கா.

"பயப்படாதீங்கக்கா. இதுல எதுவும் போகாது."

"போயிடுச்சேம்மா, கண்ணால பாக்கறேன்."

"மேல பழைய பிரதின்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க. அதை அமுக்குங்க. யாரு, எந்த நாள், எத்தனை மணிக்கு என்ன எழுதினாங்க, என்ன அழிச்சாங்க, எல்லாம் வரிசையா இருக்கும்."

அமுக்கினேன். இருந்தது. பட்டியல் திரும்பி வந்தது. என் கை மட்டும் மவுஸை விடவில்லை.

"வந்துச்சாக்கா?"

"வந்துடுச்சும்மா."

"வேற ஏதாவது தேடணுமா?"

"இல்லை."

"சரிக்கா. கால் வீங்கிப்போச்சு, கொஞ்சம் நீட்டிட்டு வரேன்."

போனை வைத்த பிறகு அந்த ஆர்டரைத் திறந்தேன். பழைய பிரதி. இரண்டு வரியும் சிவப்புக் கோடு அடித்து அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் என் பெயர், முழுப் பெயர். பிப்ரவரி 1, மதியம் 1.42. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே செய்தேன், ஞாபகம் இருக்கிறது.

எனக்கும் ரகு சாருக்கும் இந்தப் பக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவளே நஸீமாதான். திங்களன்று பார்க்காமலா இருந்திருப்பாள்? அந்த மவுஸ் சத்தம். பிறகு அந்த அமைதி. என் பெயரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு "இல்ல சார்" என்றிருக்கிறாள்.

ஏன்? நானே சொல்வேன் என்று இடம் விட்டாளா? அந்த இடத்தில்தான் நான் "மூணாம் நாள்தான் வந்தது" என்றேன்.

பிப். 8, வியாழன்

வெயில். மூன்று புடவை மடிப்புப் போட்டேன்.

ரகு சார் போன். கூட்டம் இல்லாத நாளில் அவர் கூப்பிடுவதே இல்லை. "மேடம், உங்களை மாதிரி பொறுப்பா ஒரு ஆள் பெங்களூர்லயும் இருந்தா எனக்கு இந்தத் தலைவலியே இல்ல. நஸீமாவோட ஆர்டரையும் நீங்களே பாத்துக்க முடியுமா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

முடியாது என்று வாயில் வரவில்லை. யோசிச்சு! ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தேன்: பெரிய மானிட்டர் கேட்கலாம் என்று. அதையும் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் இவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "மூணு நாளா குழம்புல உப்பே இல்லை. உன் பக்கத்துல எழுதிப் போடட்டுமா? மூணு ஊரும் பாக்கட்டும்" என்றார்.

சிரித்தேன். கொல்லையில் போய் நின்றேன். துணி எடுக்கிற சாக்கு. கொடியில் துணியே இல்லை.

ஏன் செய்தேன்:
1. பி.ஏ. படித்து இருபது வருஷம் சும்மா இருந்து, நாற்பத்து மூன்றில் கிடைத்த வேலை.
2. வயசானவங்களுக்கு இது ஒத்துவராது என்று ரகு சார் யாரையோ பற்றி ஒருமுறை சொன்னது.
3.

மூன்றாவது கிடைக்கவில்லை. முதல் இரண்டும் நஸீமாவுக்கு என்ன ஆறுதல்?

இரண்டு வருஷமாகத் தினம் பேசுகிறோம். முகம் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தால் செய்திருப்பேனா? மாட்டேன் என்று எழுத ஆசை. தெரியவில்லை.

பிப். 9, வெள்ளி

மறுபடி பனி. பால் வரத் தாமதம். வரதர் கோயில் பக்கம் மேளம் கேட்டது. போகவில்லை.

காலையில் நஸீமா பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள், மற்ற வேலைகளுக்கு நடுவே: 'இனி வரும் ஆர்டர்களில் சாயக் குறிப்பை நான் போனிலும் சொல்லிவிடுகிறேன்.' தன் தப்பு என்று ஒப்புக்கொள்வதுபோல.

அவளுக்குப் போன் செய்யலாமா? செய்து அழலாம். அவள் "பரவாயில்லக்கா" என்பாள். எனக்குத் தூக்கம் வரும், அவளுக்கு வேலை போகும். வேண்டாம்.

பழைய பிரதியைத் திறந்து பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே சின்னதாக 'மீட்டெடு' என்று இருக்கிறது. அதை அமுக்கினால் இரண்டு வரியும் இருந்த இடத்துக்கு வரும். அழித்த பெயருக்குக் கீழே மீட்ட பெயரும் வரும். இரண்டும் என்னுடையது. அழித்தபோது போகாத மெயில், மீட்டால் மூன்று ஊருக்கும் உடனே போகும். கையை எடுத்துவிட்டேன். இப்போது இல்லை. இன்று அமுக்கினால் கம்ப்யூட்டர் சொல்லும், நான் சொல்ல வேண்டியிருக்காது.

நாளை சனிக்கிழமை, 10 மணிக்கு, மூன்று பேரும் ஹெட்போன் மாட்டிய பிறகு, ரகு சார் நஸீமாவின் பேரை எடுப்பதற்கு முன்னால். முதலில் வாயால். பிறகு பட்டன். வெயில், மானிட்டர், ஏகாம்பரம் சொன்னது, 1.42, எல்லாம். அப்புறம் என் வேலை இருந்தாலும் போனாலும்.

நூல் துண்டைக் கவரில் போட்டு நஸீமாவின் பெங்களூர் விலாசம் எழுதிவிட்டேன். இவரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. கவர் யாருக்கு என்றார், ஆபீஸ் விஷயம் என்றேன்.

சாயங்காலம் யு.பி.எஸ். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பத்து மணிக்குக் கரண்ட் போனாலும் ஓட வேண்டும்.