கசகசா கொடுத்தேனாம்

1957 ஜூன் 3, திங்கள்

விடாத மழை. பிள்ளைக்காம்பராவில் கூரை ஒழுக்கு, கீழே வாளி வைத்தாயிற்று. தொட்டில் எல்லாம் நிறைந்தது. எல்லாம் தூக்கம். என் மகன் சூசை மட்டும் முழித்துக்கொண்டு, தவழ்ந்து போய் வாளித் தண்ணீரில் கை. இரண்டு தரம் சட்டை மாற்றினேன்.

காலையில் பிள்ளைகளை என்னிடம் போட்டுவிட்டு மலைக்கு ஓடும் கொழுந்து பறிக்கும் தாய்மார் ஒருத்தி முகத்திலும் களை இல்லை. லயத்து வரிசை வீடு முழுக்க ராத்திரி ஒரே அழுகை. ஒன்று ஓய்ந்தால் அடுத்த வீட்டில் இன்னொன்று. எனக்குப் பக்கத்து வீட்டு லெட்சுமி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே தூங்குகிறாள். அவள் மகன் கண்ணன் விடுவதில்லையாம்.

"பகலெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல தூங்குறான், ராத்திரியானா முழிச்சிக்கிறான். நீங்க என்னாதான் செய்றீங்க ஆயாம்மா?"

"தொட்டில ஆட்டுறேன், தூங்குறான்" என்றேன். உண்மையான பதில்தான். அவளுக்குப் பிடிக்கவில்லை.

என்னைவிட மூத்தவர்களும் என்னை ஆயாம்மா என்கிறார்கள். ரீத்தா என்று பெயர் வைத்த அப்பச்சி கேட்டால் சிரிப்பார். வேலையோடு வந்த பெயர். பிடித்துத்தான் இருக்கிறது.

வாங்க வேண்டியது: சோப்பு, தொட்டில் கயிறு, சூசைக்குக் குல்லா. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை பூண்டுலோயா கடைத்தெருவுக்குப் போவார்.

ஜூன் 4, செவ்வாய்

மழை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். குடத்தோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். என்னைக் கண்டு நின்ற பேச்சு வேறு யாரைப் பற்றி இருக்கும்?

சாயங்காலம் தெரிந்தது. அவர் ஸ்டோரில் தேயிலை அரைக்கும் இடத்தில் கேட்டு வந்தார். நான் பிள்ளைகளுக்குக் கசகசா அரைத்துப் பாலில் ஊற்றுகிறேனாம். பகல் முழுக்க மயக்கம், ராத்திரி மயக்கம் தெளிந்து அழுகையாம். என் பிள்ளை மட்டும் ராத்திரி தூங்குகிறானே, அவனுக்குக் கொடுப்பதில்லையாம். ஆரம்பித்து வைத்தது லெட்சுமி.

போன வாரம்தான் என்னிடம் உப்பு வாங்கிப் போனாள். கோபத்தில் ரொட்டி கருகியது. அவர் கருகியதையும் தின்றார். நல்ல மனுஷன்.

ஜூன் 5, புதன்

மழை. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சோதனைக்கு வந்தார். போத்தல், சட்டி, கரண்டி எல்லாவற்றையும் முகர்ந்தார். ஒரு போத்தலை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். மண்ணெண்ணெய். "ஒண்ணும் இல்லையேம்மா" என்று சொன்னபோது அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

லெட்சுமி இன்று வேலைக்குப் போகவில்லை. கண்ணனை என்னிடம் விடமாட்டாளாம். அன்றைக்குப் பேர் விழாமல் சம்பளம் போனாலும் பரவாயில்லையாம். பிள்ளையோடு நாள் முழுக்க வீட்டில்.

ஜூன் 6, வியாழன்

கண்ணன் நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுப் பேச்சில்லை. விடிந்ததும் லயம் முழுக்க இதே செய்தி. ஆயாவிடம் விடவில்லை, பிள்ளை தூங்கியது. இன்னும் என்ன சாட்சி வேண்டும்? இன்று அவள் வேலைக்குப் போனாள், பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு.

தோட்டத்து வேலைகளைப் பார்க்கும் கண்டாக்கையா கூப்பிட்டு அனுப்பினார். "பொம்பளைங்க எல்லாம் ஒரே பேச்சா இருக்காங்க. சனிக்கிழமைக்குள்ள இது தீரலைன்னா பிள்ளைக்காம்பரா சாவியை வேற ஆளுகிட்ட குடுக்க வேண்டியதுதான்" என்றார்.

வேலை போனால் கொழுந்து எடுத்துப் பிழைக்கலாம். பச்சைப் பிள்ளைக்கு மருந்து வைத்தவள் என்ற பேரோடு இந்த லயத்தில் எப்படி இருப்பது?

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசனை. சூசை பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவில்தான். ராத்திரி தூங்குகிறான். கண்ணன் நேற்றுப் பகல் வீட்டில். அவனும் தூங்கினான். இடம் வேறு வேறு. பின்னே இரண்டு பேருக்கும் பொதுவாக என்ன இருந்தது? சோறு ஆறிய பிறகுதான் உறைத்தது. இரண்டு பேரும் அம்மாவோடு இருந்தார்கள்.

கை கழுவிவிட்டு நேரே லெட்சுமி வாசலுக்குப் போனேன்.

"நாளைக்கு ஒரு நாள் கண்ணனத் தூக்கிக்கிட்டு என்கூட வந்து உக்காரு. என் கையையே பாத்துக்கிட்டு இரு."

"வராம? கட்டாயம் வர்றேன்" என்றாள்.

ஜூன் 7, வெள்ளி

தூறல். லெட்சுமி எனக்கு எதிரே போலீஸ்காரி மாதிரி உட்கார்ந்தாள். நான் தண்ணீர் குடித்தாலும் குவளையை எட்டிப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் வழக்கம்போலத் தூக்கம். கண்ணனைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன். தூங்கினால்தானே. அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறான், முந்தானைக்குள் புகுகிறான், நினைத்தபோதெல்லாம் பால், மறுபடி விளையாட்டு. மத்தியானம் ஒரு கோழித்தூக்கம், அவ்வளவுதான்.

"அன்னைக்கு வீட்டுலயும் இப்பிடித்தான். எறங்கவே மாட்டேன்னுட்டான்."

"மத்த நாள்ல உன்னை எப்ப பாக்குறான்?"

"காலையில பால் குடுக்க வர்றேனே."

"அவன் தூக்கத்துலயே குடிக்கிறான். நீ கங்காணி ஏசுவாருன்னு ஓடுற. சாயங்காலம் வந்தா அடுப்பு, தண்ணி, சமையலு."

அவள் கண்ணன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 8, சனி

கண்ணன் தூங்கினான். நாள் முழுக்க என் பிள்ளைக்காம்பராவில் இருந்துவிட்டு ராத்திரி தூங்கினான்.

விடியும் முன்னே லெட்சுமி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளுக்கு அது வராது.

"அப்ப இவன் ராத்திரி என்னையப் பாக்கத்தான் எந்திரிக்கிறானா, ஆயாம்மா?"

"அப்பிடித்தான் தெரியுது."

"நான் அடிச்சிருக்கேனே. தூங்குடான்னு முதுகுல வச்சிருக்கேனே." அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நாலு நாளாகச் சேர்த்து வைத்த ஏச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கண்டாக்கையாவிடம் அவளே பேசினாள். வதந்தியைக் கிளப்பிய அதே வாய். "ஆயாம்மா மேல தப்பில்லைங்க. பிள்ளைங்க எங்களைத் தேடுதுங்க. மத்தியானத்துக்கு மேலயும் ஒருக்கா பால் குடுக்க விடுங்க." கங்காணி முணுமுணுத்தார். கண்டாக்கையா, "கொழுந்து கொறையாம இருந்தா சரி, ஒரு கிழமை பாப்போம்" என்றார். சாவி என்னிடமே.

அவர் பூண்டுலோயா போய் வந்தார். சோப்பு, கயிறு சரி. குல்லா அவருக்கே பொருந்துகிறது.

ஜூன் 14, வெள்ளி

வெயில். தொட்டில் துணி எல்லாம் காய்ந்தது.

இந்த வாரம் மத்தியானத்துக்கு மேல் பிள்ளைக்காம்பரா ஒரே சந்தை. தாய்மார் வரும் நேரத்துக்குப் பிள்ளைகளை எழுப்பி முகம் துடைத்து வைக்கிறேன். அப்புறம் ஒன்றும் லேசில் தூங்குவதில்லை. எனக்கு முதுகு ஒடிகிறது. ராத்திரி அழுகை பாதி குறைந்துவிட்டது. எல்லாப் பிள்ளையும் ஒன்று போலவா இருக்கும்?

நேற்று ராத்திரி லயமே அமைதி. அழுதது ஒரே ஒரு பிள்ளை. சூசை. நாள் முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கிற என் மகன். தோட்டத்துக்கே காரணம் சொன்னவளுக்கு இது தேவைதான்.

அவர் ஸ்டோரில், ராத்திரி வேலை. பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தேன், ஆட்டினேன், பால் கொடுத்தேன், ஏசினேன். நிற்கவில்லை. எனக்கே அழுகை வருகிற நேரம் கதவு தட்டிய சத்தம். லெட்சுமி, தலைமுடி கலைந்து, அரைத் தூக்கத்தில்.

அவன் வாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "பல்லு வருது ஆயாம்மா. ஈறு வீங்கியிருக்கு. குடுங்க இங்க, நீங்க படுங்க."

கொடுத்தேன். அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தாள், ஏதோ பாடினாள். ராகம் கொஞ்சமும் சரியில்லை. சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் தூங்கிப்போனேன்.