'வானிலைக்கு உட்பட்டு' என்று எழுதியதால் பறிபோன ஆராய்ச்சி இடம்

அனுப்புநர்:
ப. உதயா,
இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி,
ஹட் பே, லிட்டில் அந்தமான்.
(தற்போது: சித்தி ரெங்கம்மா வீடு, பத்துபஸ்தி, போர்ட் பிளேர்)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தென்கரை வானூர்தி ஆராய்ச்சி நிலையம்,
சென்னை.

பொருள்: வெளி மாணவர் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்குத் தந்த இடத்தை இரண்டு சொற்களுக்காகப் பறித்தது – திரும்பத் தர வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெளி மாணவர்களும் வானூர்தி ஆராய்ச்சியில் சேரலாம் என்ற தங்கள் அறிவிப்பை நம்பி விண்ணப்பித்தேன். பலத்த காற்றிலும் மருந்தும் ரத்த மாதிரியும் சுமந்து பறக்கும் சிறு ஆளில்லா விமானம் என் திட்டம். சென்ற ஆண்டு பலத்த காற்றில் கப்பல் ஓடாததால், போர்ட் பிளேருக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டிய என் அம்மா விஜயகுமாரியின் ரத்த மாதிரி ஹட் பே மருத்துவமனையில் நான்கு நாள் காத்துக் கிடந்தது. அம்மா தேறிவிட்டார், மாதிரிதான் கெட்டுப்போனது. அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

2. மே மாதம் எனக்கு இடம் கிடைத்தது. ஒப்புதல் படிவத்தில் வந்து சேரும் நாளாக 'ஜூலை 14, வானிலைக்கு உட்பட்டு' என்று எழுதினேன். நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் செல்லாது என்று சேர்க்கைப் பிரிவு அலுவலர் என் பெயரை நீக்கிவிட்டார்.

3. ஐயா, அது நிபந்தனை அல்ல, எங்கள் ஊர் மரியாதை. கப்பல் டிக்கெட் கவுன்டரில்கூட "மௌசம் டீக் ரஹா தோ", அதாவது வானிலை ஒத்துழைத்தால், என்று சொல்லித்தான் தருவார்கள். அப்படிச் சொல்லாமல் தேதி கொடுப்பவரை வாய்ச்சவடால் பேர்வழி என்போம். என் அக்கா ஷீலாவின் கல்யாணப் பத்திரிகையிலும் அதே சொற்களை அச்சிட்டோம். வடக்கு அந்தமானிலிருந்து கப்பலில் வர வேண்டிய திக்லிபூர் மாப்பிள்ளை இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்தார். நாங்கள் பந்தலைப் பிரிக்கவில்லை, மாப்பிள்ளையையும் மாற்றவில்லை.

4. ஜூலைக் கடலை நம்பாமல், பன்னிரண்டு நாள் முன்னதாகவே கப்பலேறி போர்ட் பிளேர் வந்துவிட்டேன். கரை இறங்கி கைபேசியைத் திறந்தால் நீக்கக் கடிதம். அலுவலரை அழைத்து விளக்கினேன். விதியில் வானிலைக்கு இடமில்லை என்றார். வானூர்தி ஆராய்ச்சி நிலையத்தில் அப்படியொரு விதி இருப்பதை அறிந்து வியந்தேன். பாமாயில் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த என் அப்பா பழனியாண்டி போனில் கேட்டது: "ஏம்மா, காத்தப் படிக்கிற ஆபீசுக்கு, காத்து அடிக்கும்னு எழுதுனா கோவம் வருதா?" தங்களிடம் இதற்குப் பதில் இருந்தால் தெரிவிக்கவும்.

5. சித்தி வீட்டுக் கூரைக்கு மேல் தினமும் சென்னை விமானம் போகிறது. பன்னிரண்டாம் தேதிக்கான டிக்கெட் என் பையில் இருக்கிறது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் மாறி மாறி வருகின்றன.

ஆகவே என் இடத்தைத் திரும்பத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். புதிய படிவம் இணைத்துள்ளேன். அதில் 'ஜூலை 14, காலை ஒன்பது மணி' என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு சொற்கள் இல்லாமல் நான் கொடுக்கும் முதல் தேதி இது. என்னை வாய்ச்சவடால் பேர்வழி ஆக்கிவிடாதீர்கள், ஐயா.

இடம்: போர்ட் பிளேர்
நாள்: 04.07.2025

இப்படிக்கு,
(கையொப்பம்)
ப. உதயா

இணைப்பு: புதிய ஒப்புதல் படிவம், அக்காவின் கல்யாணப் பத்திரிகை.