சாட்சிப்படியாக ஒரு புட்டி மீன்நெய்

செப்டம்பர் 9

1. இதை எழுதுபவன் ஆர்னே நிகார்ட். கரையோர நீர்வளத் துறையின் சட்ட ஆலோசகன். இக்கழிமுகக் கிராமத்தில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன். ஆயினும் இம்மண்ணின் தொல்குடியினன் அல்லன்.

2. நல்ல நினைவோடும், எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதுகிறேன்.

3. நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். ஆதாரம்: அலுவலக மாடிப்படியில் சீட்டியடித்தேன். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

துறைக்கும் ஊருக்குமான ஒப்பந்தம் ஏற்கப்பட்டது! ஆற்றுமுகத்தை மீன்பிடிக்குத் திறப்பதா மூடுவதா என்பதை இனி இவ்வூர் மக்களே முடிவுசெய்வார்கள். துறை அதைக் ‘கருத்தில் கொள்ளும்’. ‘கட்டுப்படும்’ என்ற சொல்லையே நான் கேட்டேன், தலைமையகம் இணங்கவில்லை. ஆனாலும் இவர்களுடைய வலைகளை ஒருகாலத்தில் அறுத்தெறிந்த துறை இது. நல்லிணக்கம் என்ற சொல்லை எழுதி, அதன்கீழ் தான் செய்யவேண்டிய ஒரு வேலையையும் எழுதியிருக்கிறது. சீட்டியடிக்காமல் என்ன செய்வது?

செப்டம்பர் 12

ஊர்த்தலைவர் ஆம்ப்ரோஸ் இன்னஸ் ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு மடித்து வைத்தார். “காகிதம் உங்க வழக்கம், வச்சுக்குங்க. எங்க வழக்கம் விருந்து. பாத்தவங்க இருந்தாத்தான் ஒண்ணு நடந்துச்சுன்னு அர்த்தம்.”

விருந்துக்கு எங்கள் இயக்குநர் ஃபியோனா ஹாடோவும் அதிகாரிகளும் வருகிறார்கள். முன்னெச்சரிக்கையாகச் சுற்றறிக்கை அனுப்பினேன்: விருந்தில் எவரும் எப்பரிசையும் ஏற்கலாகாது, மறுக்கும்போது புன்னகைக்க வேண்டும். அடிக்குறிப்புகளோடு இரண்டு பக்கம். அழகான சுற்றறிக்கை.

அக்டோபர் 4

மஞ்சள் சட்டை வாங்கினேன். காரணம் பதிவில் இல்லை.

அக்டோபர் 19

வரிசையாக எழுத வேண்டும். இன்று விருந்து.

பெரிய மண்டபம் நிறையக் கூட்டம். ஃபியோனா எழுந்து, எழுதிவைத்த தாளை மடித்துவிட்டு, ஆம்ப்ரோஸைப் பார்த்தே சொன்னார்: “ஆத்தைத் திறக்கிறதும் மூடுறதும் உங்க முடிவு. நாங்க கட்டுப்படுறோம்.” கட்டுப்படுறோம்! தலைமையகம் தர மறுத்த அதே சொல். மேளம் அதிர்ந்தது.

பிறகு ஆம்ப்ரோஸின் அக்கா வெர்னா, மீன்நெய்ப் புட்டிகளோடு எங்கள் வரிசைக்கு வந்தார். வசந்தத்தில் வரும் சின்ன மீனைக் காய்ச்சி எடுக்கும் நெய். இங்கே அதைவிட மதிப்பான பொருள் இல்லை. ஃபியோனா நெஞ்சில் கைவைத்து, “ரொம்ப நன்றிங்க, வாங்கிக்க முடியாது” என்றார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். எல்லார் முகத்திலும் என் சுற்றறிக்கையின் புன்னகை. மேளம் நின்றது.

வெர்னா நேராக என்னிடம் வந்தார். “என்ன வக்கீலு, உன் ஆளுங்களுக்கெல்லாம் கையில வாதமா?”

“பரிசு வாங்கக் கூடாதுன்னு விதிங்க.”

“பரிசா? உனக்கு நான் எதுக்குடா பரிசு குடுக்கணும்? என்னைக் கட்டிக்கவா போறே?”

மண்டபம் சிரித்தது. ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. “வாங்காதவன், நான் எதையும் பாக்கலைங்கிறான். அப்ப இன்னிக்கு இங்க ஒண்ணும் நடக்கல.”

“இங்கேயே சாப்பிட்டுரலாங்களா? விருந்துச் சாப்பாட்டுக்கு விதியில இடம் இருக்கு” என்றேன்.

“தின்னுட்டுப் போறவன் விருந்தாளி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவன்தான் சாட்சி” என்றார் வெர்னா. “பாத்ததை மறக்காம இருக்கணும், கேட்டா எந்திரிச்சுச் சொல்லணும். அந்த வேலைக்குக் கூலிடா இது.”

கூலி! நீதிமன்றம் அழைக்கும் ஒவ்வொரு சாட்சிக்கும் படி கொடுக்கிறார்கள். அதைப் பரிசு என்று எந்த நீதிபதியாவது சொன்னதுண்டா? நாற்காலிமேல் ஏறினேன். (ஏறினேன். மறுக்கவில்லை.) “என் சுற்றறிக்கையை வாபஸ் வாங்குறேன்! இது பரிசு இல்ல, சாட்சிப்படி! எல்லாரும் வாங்கிக்குங்க!”

“ஆர்னே, எழுத்துல தருவீங்களா?” என்றார் ஃபியோனா.

“தரேன்! இப்பவே தரேன்!” கைதுடைக்கும் தாளில் எழுதிக் கையொப்பமிட்டேன். அத்தனை கைகளும் நீண்டன. மேளம் மீண்டும் எழுந்தது. அதன்பின் ஒருவன் ஆடினான். மஞ்சள் சட்டை. வேறு விவரம் தேவையில்லை.

அக்டோபர் 20

வீடு முழுவதும் மீன்நெய் நாற்றம். ‘நாற்றம்’ நீக்கப்படுகிறது, ‘மணம்’ என்று கொள்க.

பிப்ரவரி 11

ஃபியோனாவுக்கு இடமாற்றம். புதிய இயக்குநர் கிரஹாம் பெல்லி. இவ்வாண்டு மீன்வரத்து குறைவு என்பதால் ஆம்ப்ரோஸ் ஆற்றுமுகத்தை மூடிவிட்டார். பெல்லியோ இழுவைப் படகுகளுக்குத் திறக்க நினைக்கிறார். “‘கருத்தில் கொள்ளும்’னுதானே எழுதியிருக்கு? கருத்துல கொண்டாச்சு” என்றார்.

வந்தும் வராத மீனை வழியிலேயே அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு எது வரும்? என்ன செய்வேன்? சம்பளம் துறையினுடையது. நெய்ப் புட்டி?

மார்ச் 6

அதே மண்டபம். பெல்லி ஒப்பந்தத்தை வாசித்து முடித்ததும் வெர்னா, “சாட்சிங்கல்லாம் எந்திரிங்க” என்றார்.

எழுந்தேன். பெல்லி என்னைப் பார்த்தார். “ஆர்னே, நீங்க எந்தப் பக்கம்?”

“நான் பாத்த பக்கங்க. படி வாங்கியிருக்கேன்.” இயக்குநர் என்ற முறையில் ஃபியோனா கொடுத்த வாக்கைச் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தேன். அது துறையைக் கட்டுப்படுத்தும் என்பதே என் சட்டக் கருத்து என்றும், எழுத்தில் தருவேன் என்றும் சொன்னேன்.

பின்னால் நாற்காலிகள் நகரும் ஓசை. திரும்பினால் — எங்கள் ஆட்கள்! ஒருவர்பின் ஒருவராக எல்லாரும்! சாட்சி சொல்லக் காலைப் படகில் வந்திறங்கிய ஃபியோனாவும், கையில் காலிப் புட்டியோடு. “நான்தான் சொன்னேன். நெய்யும் தீந்துபோச்சு” என்றார். வெர்னா சிரித்த சிரிப்பில் கூரை பெயர்ந்திருக்க வேண்டும்.

பெல்லி ஒப்பந்தத்தை மடித்து வைத்தார். “எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?” என்றார்.

மார்ச் 9

இன்று காலை துறையின் படகு ஆற்றுமுகத்துக்கு வெளியே எஞ்சினை நிறுத்தி, உள்ளே வரலாமா என்று வானொலியில் கேட்டது. எனக்குத் தெரிந்து இதுவே முதல் முறை. வெர்னா பதில் சொன்னார்: “இருங்க. காபி குடிச்சுட்டுச் சொல்றேன்.”

படகு காத்திருந்தது. வெர்னா இரண்டாவது கோப்பையும் குடித்தார்.

மேற்கண்டவை நான் கண்டதும் கேட்டதும் ஆகும்.

(ஒப்பம்) ஆர்னே நிகார்ட்

சாட்சிகள்:
ஆம்ப்ரோஸ் இன்னஸ்
வெர்னா இன்னஸ்

(“படி எங்கடா?” என்று கேட்ட பிறகே வெர்னா கையொப்பமிட்டார். ஆளுக்கு ஒரு புட்டி, நான் கிண்டிய பெர்ரி ஜாம், கொடுக்கப்பட்டது. இருவரும் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.)