ஜெபக்குறிப்பில் நான் விட்ட பாதி

தேக்கா சந்தையின் மேல்மாடிக்கு, தைக்கக் கொடுத்திருந்த இரவிக்கையை வாங்கப் போயிருந்தேன். தையற்காரர் கழுத்து நிறைய வேர்க்குருப் பவுடரை அப்பியிருந்தார். அந்த மணம் ஏறியதும், புக்கிட் மேராவில் உன் வீட்டுப் படுக்கையறை கண்முன் வந்து நின்றது. உன் கணவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு முழுக்க நீ பவுடர் போடுவாய். நான் தலையணையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இரவிக்கையை வாங்காமலே கீழே இறங்கிவிட்டேன்.

பக்கத்துப் பக்கத்து வகுப்பில் இருபது வருடம் பாடம் நடத்தினோம். ஞாயிறு ஆராதனையில் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். உன் கணவர் உன்னை அடிப்பார் என்பது பள்ளியில் எனக்கு மட்டும் தெரியும். வேகாத வெயிலில் நீ முழுக்கை இரவிக்கை போட்டு வந்தால் ஒன்றும் கேட்கமாட்டேன். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் போய், ஒரு கை மட்டும் மிஞ்சியது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் உன் சமையலறையில் நீ சொன்னாய்: “உன்கிட்ட மட்டும் சொல்றேன்டீ. குளிப்பாட்டும்போது அவரைக் கிள்ளுவேன். தொடையில, வெளியே தெரியாத இடத்துல. அவரால கத்தக்கூட முடியாது. அதுக்காகவே கிள்ளுவேன்.”

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய். “நேத்து கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு கையைத் தூக்கி என் தலையில வெச்சாருடீ. இத்தன வருஷம் அடிச்ச அதே கை. ஆண்டவரே வெச்ச மாதிரி இருந்துச்சு.”

மறுநாள் ரூபி அக்கா வீட்டில் ஜெபக்குழு. ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். பெயர் சொல்லாவிட்டால் அது புறங்கூறல் ஆகாது என்பது எங்கள் எட்டுப் பேரின் எழுதாத சட்டம். என் முறை வந்தது. “ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம். படுக்கையில கிடக்கிற கணவரைக் கோபத்துல கிள்ளிடுறாங்க. ஆண்டவர் அவங்கள மன்னிக்கணும்” என்றேன்.

எட்டுப் பேரில் படுத்த படுக்கையான கணவர் ஒருத்திக்குத்தான் இருந்தார். எல்லோரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்கள். நான் கண்ணைத் திறந்தபோது, எதிரே நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஜெபம் முடிந்ததும் ரூபி அக்கா உன்னிடம் கறிபஃப் தட்டை நீட்டினார். “எடுத்துக்கங்க சிஸ்டர். நகமெல்லாம் வெட்டியாச்சா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “சும்மா ஜோக் லா” என்றார் அக்கா. “ஆண்டவர் மன்னிக்கிறவரு.”

நீ வாசலில் செருப்பைக்கூடப் போடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போனாய்.

மாணவி ஒருத்தி தவறை அழித்துத் திருத்தி நோட்டைக் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள். திருத்தியதை விட்டுவிட்டு, அழித்ததை வகுப்புக்கே வாசித்துக் காட்டுகிறார் ஆசிரியர். அப்படிப்பட்டவர்களை ஆசிரியர் அறையில் நீயும் நானும் எவ்வளவு திட்டியிருக்கிறோம்! நீ எனக்குச் சொன்னது ஒரு மன்னிப்பின் கதை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு ஜெபக்குறிப்பு தேவையில்லை. எனக்கோ அன்று சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. அதைவிடக் கேவலமானதையும் எழுதிவிடுகிறேன். அத்தனை பேரும் மூச்சடக்கிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று முறை உன்னைத் தேடி வந்தேன். மூன்றாம் முறை மரக்கதவைத் திறந்தாய். இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன்.

“ஆண்டவர்கிட்ட கேளு. அவர் தாராளமானவர், குடுத்துடுவார். நான் குடுக்கமாட்டேன்.”

“நாம கிறிஸ்தவங்கடீ” என்றேன். எவ்வளவு துணிச்சல் எனக்கு!

“அதையும் வெள்ளிக்கிழமை சொல்லி ஜெபம் பண்ணு” என்று கதவைச் சாத்தினாய்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு மத்தியானம் படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. உன் கணவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். போதகரிடம் போய் நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். “ஆண்டவர் உங்கள மன்னிச்சிட்டாரு டீச்சர், நிம்மதியா இருங்க” என்றார் போதகர். அடக்கத்தில் ரூபி அக்கா உன்னை எல்லோரிடமும் தேவதை என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குழுவில் என் முறை வந்தபோது மீதிப் பாதியைச் சொன்னேன். நீ மன்னிப்புக் கேட்டதை, அவர் கையைத் தூக்கி உன் தலையில் வைத்ததை, எல்லாம் தெரிந்தும் நான் மறைத்ததை.

“ஆனா கிள்ளினது உண்மைதானே?” என்றார் ரூபி அக்கா. பிறகு அடுத்தவர் பக்கம் திரும்பி, “சரி, உங்க குறிப்பச் சொல்லுங்க” என்றார்.

போதகர் சொன்னதை நான் நம்புகிறேன். நீ மன்னிக்காமல் போனதும் எனக்குத் தெரியும். ஒன்றைக் காட்டி மற்றதை இல்லையென்று ஆக்க எனக்கு மனமில்லை. மாதம் ஒருமுறை திருவிருந்தில் அப்பத்துக்குக் கை நீட்டுகிறேன். உன் மறுப்பும் அந்தக் கையில்தான் இருக்கிறது.